மதிப்பீடு வேறு, ஆய்வு வேறு

நகையை அடகுக்கு எடுத்துச் செல்கிறோம். கடைக்காரர் அதனை உரைகல்லில் உரைக்கிறார், எடை போடுகிறார், கணக்கிட்டுப் பணத்தை எண்ணித் தருகிறார். திருகாணி தேய்ந்திருக்கிறதா, கல் ஆடுகிறதா, மகளின் திருமணத்தன்று அணிவித்தால் அறுந்து விழுமா என்பனவற்றை அவர் பார்ப்பதில்லை. அதைக் குறையென்று கூறவும் முடியாது. கடன் திரும்பாவிடில் நகையை விற்றுத் தம் முதலைத் தேற்றிக்கொள்ள இயலுமா என்பதொன்றே அவருடைய கேள்வி. அக்கேள்விக்கு அவர் கண்ட விடை சரியானதே. அணியப் போகிறவரின் கேள்விக்கு அது விடையன்று.

நம்மிடம் அரபு இலக்கணம் பயின்று, இப்பொழுது இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் குடும்பத்துடன் வாழும் மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பன்னிரண்டு ஆண்டுச் சேமிப்பை முன்பணமாகக் கொண்டு, விக்டோரியா அரசியார் காலத்து வரிசை வீடொன்றை வாங்க அவர் எண்ணியிருந்தார். வட்டியைத் தவிர்க்க விரும்பி, வங்கியோடு கூட்டாக வீட்டை வாங்கி, வாடகை செலுத்தியவாறே வங்கியின் பங்கைச் சிறிது சிறிதாக விலைக்குப் பெறும் முஷாரகா முறையை நாடியிருந்தார். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளரும் விலை தகும் என்று அறிக்கை தந்துவிட்டார். "வங்கியே பங்காளி, அதன் ஆள் வந்து பார்த்தும் விட்டார். இன்னும் பல நூறு பவுண்டு செலவிட்டு நான் தனியாக ஓர் ஆய்வு செய்யத்தான் வேண்டுமா, ஹஜ்ரத்?" என்பது அவர் வினா.

நாம் கட்டடக் கலை அறிந்தவர் அல்லோம். ஆயினும், ஒரு சொல் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்று முதலில் கேட்கும் பழக்கத்தை மதரஸா நமக்குத் தந்திருக்கிறது. அவ்வறிக்கை யாருக்கு எழுதப்பட்டது என்று பார்க்கச் சொன்னோம். வங்கிக்கு, வங்கியின் பயன் கருதி மட்டுமே எழுதப்பட்டது என்று மறுமொழி வந்தது.

அதுவே அந்நாட்டு வழக்கம். கட்டணம் பல வேளைகளில் வாங்குபவர் கையிலிருந்து சென்றாலும், மதிப்பீடு கடன் கொடுப்பவருடையதே. மதிப்பீட்டாளர் சிறிது நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுச் செல்லலாம். வீட்டுக்கே வராமல், அண்டை வீடுகள் விலைபோன கணக்கைக் கணினியில் ஒப்பிட்டும் முடிக்கலாம். ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். இரண்டு இலட்சம் பவுண்டு வீட்டுக்கு வங்கி தருவது ஒரு இலட்சத்து இருபதாயிரம் என்க. முப்பதாயிரம் பவுண்டு செலவு வைக்கும் பழுது பின்னர் வெளிப்பட்டாலும் வங்கியின் பணத்துக்கு ஊறில்லை. அவ்விழப்பு முழுவதும் வாங்குபவரின் எண்பதாயிரத்தையே அரிக்கும். நம் சேமிப்பு மிக மிக, வங்கிக்குக் கவலை குறைகிறது. முஷாரகா முறையிலும் பழுதுபார்க்கும் பொறுப்பைப் பெரும்பாலும் குடியிருப்பவர் மீதே ஒப்பந்தம் சுமத்துகிறது.

நார்விச் நகரில் 1980 ஆம் ஆண்டில் எளிய வீடொன்றை வாங்க முற்பட்ட பெண்மணியின் வழக்கு இங்கு நினைக்கத்தக்கது. கடன் நிறுவனத்துக்காகப் பார்த்த மதிப்பீட்டாளர், அவசியமான பழுது எதுவுமில்லை என்று எழுதினார். மாடியறையில் புகைபோக்கியின் அடிச்சுவரை முன்பே எவரோ நீக்கிவிட்டதால், கூரைக்குள் செங்கற்கட்டு தாங்குவாரின்றி நின்றது. அவர் குடியேறி ஏறத்தாழப் பதினெட்டு மாதங்களில் அது சரிந்து, படுக்கையறையின் மேற்கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது. வாங்குபவர் தம் அறிக்கையை நம்புவார் என்பதை அறிந்தே எழுதும் மதிப்பீட்டாளருக்கு, அவர்பாலும் கவனக் கடமை உண்டென்றும், 'பொறுப்பேற்கோம்' என்னும் வாசகம் 1977 ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கு நியாயமாகாதென்றும் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பே. ஆனால் அது வந்தது 1989 இல். மேலும், சுருங்கிய பார்வையையும் கவனமாகச் செய்க என்றுதான் அது கூறிற்றே தவிர, அப்பார்வையை முழு ஆய்வாக ஆக்கிவிடவில்லை.

விற்பவர் அறிந்த குறையை மறைத்தலாகாது, மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் வாங்கியவர் பொருளைத் திருப்பித் தரலாம் என்பது நம் ஃபிக்ஹ் நூல்களில் 'கியாருல் ஐப்' என்னும் பகுதி. இங்கிலாந்தின் வீட்டு விற்பனையில், கேட்டதற்குப் பொய் சொல்லலாகாது. கட்டடத்தின் குறைகளைத் தாமே எடுத்துரைக்கும் பொதுக் கடமை விற்பவருக்கில்லை. அண்டையிலுள்ள ஸ்காட்லாந்திலோ, 2008 டிசம்பர் முதல், பொதுவாக விற்பவரே ஆய்வறிக்கையைப் பெற்று வைத்துக்கொண்டுதான் வீட்டை விலைகூற வேண்டும். இங்கிலாந்தில் அச்சுமை வாங்குபவருடையது. 1868 இல் தோன்றிய ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சார்டர்ட் சர்வேயர்ஸ் அமைப்பு, வாங்குபவருக்கான ஆய்வை மூன்று நிலைகளாக வகுத்திருக்கிறது. பழைய வீட்டுக்கும் மாற்றிக் கட்டிய வீட்டுக்கும் மூன்றாம் நிலையே ஏற்றது. அவ்வாய்வாளரும் சுவரை உடைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் ஐயம் எங்கே என்று வாங்குபவருக்குச் சொல்வார்.

மாணவர் மூன்றாம் நிலை ஆய்வையே செய்வித்தார். பழைய சிலேட்டுக் கற்களை அகற்றிக் கனமான கான்கிரீட் ஓடுகளை வேய்ந்திருந்தனர். கூரைச் சட்டங்களை வலுப்படுத்தவில்லை. அவை வளைந்து சுவரின் தலைப்பை வெளியே தள்ளத் தொடங்கியிருந்தன. விற்பவர் விலையைக் குறைக்க இசையவில்லை. மாணவர் விலகிக்கொண்டார். "வீடும் போயிற்று, ஆய்வுக்குக் கொடுத்த பணமும் போயிற்று" என்று அவர் மனைவி வருந்தினாராம்.

அவ்வருத்தம் நமக்குப் புரிகிறது. குழந்தைகளுக்கு எந்த அறை என்றுகூடப் பேசி வைத்திருந்த வீடு அது. ஆயினும் அம்மகளுக்கு நாம் எழுதியது இதுதான்: அந்தச் சில நூறு பவுண்டு, பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்கு நீங்கள் வைத்த காவல். வங்கி தன் பணத்தைத் தன் ஆளைக்கொண்டு பார்த்துக்கொண்டது. உங்கள் பணத்தைப் பார்க்க நீங்களும் ஓர் ஆளை அனுப்பினீர்கள். அடுத்த வீட்டுக்கும் தயங்காமல் அனுப்புங்கள்.