இஸுஷியில் ஐந்து தட்டு

ஸோபா என்றதும் கூடத்து மெத்தை ஆசனத்தை நினைத்துவிட வேண்டாம். ஜப்பானில் அது சேமியா போன்றதொரு பண்டம். வடநாட்டார் விரத நாட்களில் உண்ணும் ‘குட்டு’ மாவில் செய்வது.

ஹியோகோ மாகாணத்து மலைகளிடையே இஸுஷி என்னும் சிற்றூர் இருக்கிறது. 1706-ஆம் ஆண்டில், ஷோகுனின் ஆணையால் அவ்வூர்ப் பிரபுவும் உவேதா ஊர்ப் பிரபுவும் இடம் மாற நேர்ந்தது. உவேதாவிலிருந்து வந்த ஸெங்கோகு பிரபு, ஸோபா செய்வோரையும் உடன் அழைத்து வந்தார் என்கிறார்கள். சொந்த மண்ணைத்தான் கொண்டுவர முடியாது. நாவின் ருசியையாவது கொண்டுவரலாமல்லவா? 1871-இல் பிரபுக்களின் ஆட்சி ஒழிந்தது. ஸோபாவோ ஊரை விட்டுப் போகவில்லை.

கடையில் அமர்ந்தோம். உள்ளூர் வெண்பீங்கானில் சின்னஞ்சிறு தட்டுகள், ஆளுக்கு ஐந்து. தோய்த்துக்கொள்ளச் சோயாச் சாறு. அதில் சேர்க்க வெங்காயத்தாள், காரமான வஸாபி, துருவிய கிழங்கு, பச்சை முட்டை. (சாற்றில் மீன் கலந்திருக்கும், சைவர்கள் முன்னதாக விசாரித்துக்கொள்வது நலம்.) முடிவில் ஸோபா வெந்த நீரை மிச்சச் சாற்றில் ஊற்றிக் குடிக்கிறார்கள். வடித்த கஞ்சியை வீணாக்காத நம் பாட்டிமார் கண்டால் மெச்சியிருப்பார்கள்.

நாம் ஏழாவது தட்டைக் கேட்டபோது கடைக்கார அம்மாள் சிரித்துவிட்டாள்.