வெள்ளி மாலை ஐந்து மணிக்குள்

அக்டோபர் 3, வெள்ளி

டெல்லியிலிருந்து ஆராய்ச்சி மானியத்துக்கான அறிவிப்பு வந்துவிட்டது. விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான். 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குக் கடைசி. மூன்று வாரம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் நடுவில் 20ஆம் தேதி தீபாவளி. 18ஆம் தேதியிலிருந்தே கல்லூரி அலுவலகத்தில் ஆள் இருக்காது. வெளியூர்க்காரர்கள் ஊர் திரும்பி வேலையில் உட்காரும்போது 23 ஆகிவிடும். விண்ணப்பத்தோடு கல்லூரித் தலைமையின் ஒப்புதல் கடிதம் போக வேண்டும். லெட்டர்பேடில், கையெழுத்தும் முத்திரையுமாக. அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. ஆகவே கோம்பையில் இருக்கும் கல்லூரி ஆசிரியையான எனக்குக் கடைசித் தேதி 17தான்.

டைரியில் 17இலிருந்து பின்னோக்கி எழுதிவந்தேன். கடிதத்தின் வரைவு அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாள், நுண்ணோக்கிக்கு மதுரையிலிருந்து கொட்டேஷன் வர வேண்டிய நாள், கோயம்புத்தூரில் இருக்கும் இணை ஆய்வாளர் தன் லாகினில் நுழைந்து ஒப்புக்கொள்ள வேண்டிய நாள். இந்த மூன்றும் என் கையில் இல்லாதவை. இரவு முழுக்க உட்கார்ந்தாலும் இவற்றில் ஒன்றைக்கூட நான் முடித்துவிட முடியாது. அதனால் இவைதான் முதலில். எழுத்து வேலை பிறகு.

அக்டோபர் 7, செவ்வாய்

ராயப்பன்பட்டியில் ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழே குனிந்து நின்று இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் திட்டு. அதே இடத்தில் அடிப்பக்கம் வெள்ளைப் பூசணம். அடிச்சாம்பல் நோய். இங்கே செவட்டை என்பார்கள். பிளாஸ்மோபாரா விட்டிகோலா என்ற நுண்ணுயிரி, இலை நனைந்தே கிடந்தால் பரவும். கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் கவாத்தும் இன்னொன்றில் அறுவடையும் நடந்துகொண்டிருக்கும். ஆகவே நோய்க்கு இலை கிடைக்காத மாதமே இல்லை. எந்தக் கவாத்துத் தேதிக்கு எவ்வளவு நோய் என்று பந்தல் பந்தலாகக் கணக்கெடுப்பதுதான் என் திட்டம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் கிடைத்த பயிருக்கு ஆராய்ச்சியும் கிடைக்க வேண்டும்.

தோட்டக்கார மாமா கேட்டார்: "ஏத்தா, ஐப்பசி மழை விழுந்தா செவட்டை வந்துரும். ஒங்க டெல்லிக்காரக எப்பத்தா பணம் குடுப்பாக?"

இந்த வருஷம் விண்ணப்பம் போனால்தான் அடுத்த ஐப்பசிக்காவது வேலை தொடங்கலாம் என்றேன். தவறினால் இன்னொரு மழைக்காலமும் போய்விடும். கவாத்திலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய நான்கு மாதம். ஒரு வருஷம் என்றால் அவருக்கு இரண்டு அறுவடை, சில பந்தல்களில் மூன்று.

அக்டோபர் 12, ஞாயிறு

கடைசித் தேதியே வேண்டாம் என்று அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளை, புவி அறிவியலில் நான்கு மானியத் திட்டங்களுக்கு எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்றது. 2014இல் 804 விண்ணப்பம் வந்த இடத்தில், 2015 ஏப்ரலுக்குப் பிந்தைய பதினோரு மாதத்தில் வந்தவை 327. அவசரத்தில் எழுதியவை குறைந்தன என்று அதைப் பாராட்டியவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது யுஜிசி விதி. அதற்குமேல் தேர்வு, விடைத்தாள், சேர்க்கை என்று வேலை இருக்கிறது. தேதி இல்லாவிட்டால் எங்களைப் போன்ற கல்லூரிகளில் எழுதவே உட்கார மாட்டோம். தேதி வேண்டும்; அது எங்கள் நிலைமை தெரிந்து வைத்த தேதியாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் (என்ஐஎச்) இதில் நன்றாகச் செய்கிறது. மாலை 5 மணி என்றால் விண்ணப்பிக்கும் நிறுவனம் இருக்கும் ஊரின் 5 மணி. வருஷத்தின் கடைசித் தேதிகள் முன்கூட்டியே தெரியும். வீட்டில் மரணம், கடும் நோய் என்றால் தாமதத்தைப் பரிசீலிக்கிறார்கள். புயல் வெள்ளத்தில் நிறுவனம் மூடிக்கிடந்தால் அதற்கும் வழி இருக்கிறது. சொந்தக் கணினி கெட்டுப்போனது என்றால் மட்டும் ஏற்பதில்லை. இந்தக் கண்டிப்பும் அந்தக் கருணையும் ஒரே விதியில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

வேர்டிலிருந்து சுருக்கத்தை எடுத்து இணையப் படிவத்தில் ஒட்டினேன். மைக்ரோமீட்டர் குறி இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி ஆகிவிட்டது. சாய்வெழுத்தில் இருந்த உயிரியல் பெயர் நேராகிவிட்டது. குறிகளை எடுத்துவிட்டுச் சொல்லாகவே அடித்தேன். சேமித்து, வெளியே வந்து, மறுபடி லாகின் செய்து படித்தபோது சரியாக இருந்தது. திரையில் தெரிவதை நம்பக் கூடாது. அந்தத் தளமே உருவாக்கித் தரும் பிடிஎஃபைப் பக்கம் பக்கமாகப் படித்துப் பார்க்க வேண்டும். மதிப்பீட்டாளர் கைக்குப் போவது அதுதான்.

அக்டோபர் 16, வியாழன்

மதியம் மழை. மலையில் இடி இடித்ததும் கரண்டு போனது. போன் ஹாட்ஸ்பாட்டில் இணைப்புகளை ஏற்றினேன்; சின்னக் கோப்புகள் ஏறின, பட்ஜெட் கோப்பு பாதியில் நின்றது. கடைசி நாளாக இருந்திருந்தால் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். மூடி வைத்துவிட்டு, அம்மாவுக்கு முறுக்குப் பிழியக் கை கொடுக்கப் போனேன்.

அக்டோபர் 17, வெள்ளி

காலையில் ஒப்புதல் கடிதம் கிடைத்தது. முத்திரை கையெழுத்தை மறைக்காமல் இருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே ஸ்கேன் செய்து ஏற்றினேன். இறுதிப் பொத்தானை அழுத்திய பிறகு நிலை 'வரைவு' என்பதிலிருந்து 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று மாறியது. விண்ணப்ப எண்ணும் மின்னஞ்சலில் ஒப்புகையும் வந்தன. பலர் வரைவைச் சேமித்ததையே அனுப்பியதாக நினைத்துவிடுகிறார்கள். மணி கடந்ததும் சர்வர் தானே மூடிக்கொள்கிறது. எண் இல்லாத வரைவுக்கு அங்கே மதிப்பே கிடையாது.

அக்டோபர் 24, வெள்ளி

மாலை நாலு மணிக்கு, தேவாரத்திலிருந்து கல்லூரிக்கு வரும் இளம் ஆசிரியர் போன் செய்தார். "அக்கா, பேஜே திறக்கலக்கா." நல்ல திட்டம் அவருடையது, கிணற்று நீரில் உப்பு ஏறுவதைப் பற்றி. லீவு முடிந்து நேற்றுத்தான் அவருக்குக் கையெழுத்தே கிடைத்தது. நாடு முழுக்க ஒரே மணியில் மோதினால் எந்தத் தளமும் திணறும். 2009இல் பொருளாதார ஊக்குவிப்புத் திட்டத்துக்கான விண்ணப்பக் கூட்டம் வந்தபோது, அமெரிக்காவின் மானிய விண்ணப்பத் தளமான கிராண்ட்ஸ்.கவ்வே தாங்காது என்று அந்நாட்டு அரசு பயந்து, மாற்று வழி தேடும்படி தன் துறைகளிடம் சொன்னது. இங்கே அவருக்கு மாற்று வழி இல்லை. 5 மணிக்குத் தளம் மூடியது. அவர் விண்ணப்பம் வரைவாகவே நின்றுவிட்டது.

இரவு நிதி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பெரிய பண்டிகை வாரத்தை ஒட்டிக் கடைசித் தேதி வைக்க வேண்டாம்; அடுத்த வருஷத் தேதிகளை இப்போதே சொல்லுங்கள்; தளம் திணறிய மணி நேரத்தை மறுநாள் திருப்பிக் கொடுங்கள்; ஒப்புதல் கடிதத்துக்கு மட்டும் ஒரு வாரம் கூடுதலாகக் கொடுங்கள். எங்கள் முதல்வருக்கும் ஒன்று எழுதியிருக்கிறேன்: அவர் ஊரில் இல்லாத நாளில் துணை முதல்வர் கையெழுத்திட எழுத்துமூலம் அதிகாரம் தர வேண்டும் என்று. நாளை காலை இரண்டிலும் அந்தத் தம்பியிடமும் கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன்.