தாழ்ந்த சீட், தாமிரபரணி ரோடு

இந்த வரியைப் படிக்கும்போது நீங்கள் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள்? ஆபீஸ் என்றால் அநேகமாக ஒரு சக்கரம் கழன்ற சுழல் நாற்காலி. டவுன் பஸ் என்றால் ஓரம் கிழிந்த ரெக்சின் சீட். அந்தக் கிழிசலில் விரலை விட்டு ஸ்பான்ஜைக் கிள்ளிக் கிள்ளி எறிவதற்கென்றே ஒரு கூட்டம் டிக்கெட் வாங்கி ஏறுகிறது. நாள் முழுக்க உட்கார்ந்தே சம்பாதிக்கிற நமக்கு எப்படி உட்காருவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தந்ததில்லை. பி.காம். மூன்று வருஷம் படித்தேன். பெஞ்சில் உட்கார்ந்துதான் படித்தேன். சிலபஸில் அது இல்லை.

எனக்கு அந்தப் பாடம் கிடைத்த இடம் தச்சநல்லூர்.

மதுரைப் பக்கமிருந்து தாழையூத்து சிமென்ட் ஆலையைத் தாண்டி நெல்லைக்குள் நுழைகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1994-இல் திருநெல்வேலி மாநகராட்சி ஆனபோது அதற்குள் சேர்ந்த ஊர். இன்று மாநகராட்சியின் மண்டலங்களில் ஒன்று. பெயரைப் பார்த்தால் தச்சர்களின் நல்லூர். உட்காருவதற்கு மனிதன் கண்டுபிடித்த முக்கால்வாசி சாமான்கள் தச்சன் கையால் வந்தவைதானே! ஆனால் நான் பார்க்கப் போனது தச்சரை அல்ல, ஒரு குஷன் கடை அண்ணாச்சியை. காரணம், நண்பரின் கார்.

நண்பர் பாளையங்கோட்டையில் உத்தியோகம் பார்க்கிறார். வயது நாற்பதை எட்டிப் பார்க்கிறது. போன வருஷம், கல்லூரி நாளிலிருந்து கண்ட கனவை செகண்ட்ஹாண்டில் வாங்கிவிட்டார். ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். மேலே கான்வாஸ் கூரை. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்வதாக இல்லை. தெருப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'தவக்களை'. நிற்கும்போது தரையோடு தரையாக இருக்கும், கிளம்பும்போது ஒரு குதி குதிக்கும். பொருத்தமான பெயர்தான்.

இந்த ஜாதிக் கார்கள் நம் நாட்டில் அபூர்வம். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை அப்பா காலத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுதான். அதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962-இல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அண்ணன் மெட்ராஸில் கல்யாண ஊர்வலம் போய்க்கொண்டிருந்தபோது தம்பி அங்கே ரேஸ் ஓடிக்கொண்டிருந்தான்! பிறகு 1990-களின் கடைசியில் பெங்களூர் சான் மோட்டார்ஸ், ரெனோ எஞ்சின் வைத்து 'ஸ்டார்ம்' என்று ஒரு இரண்டு சீட்டர் கொண்டுவந்தார்கள். ரோட்டில் பார்த்தவர்கள் சொற்பம். 1989-இல் வந்து உலகம் முழுக்க விற்றுத் தீர்த்த மாஸ்தா எம்.எக்ஸ்.-5 வகையறாவை நாம் படத்தில்தான் பார்த்தோம்.

நண்பரின் பிரச்னைக்கு வருகிறேன். முதல் ஒரு மாதம் ராஜ சுகம். மூன்றாவது மாதம் இடுப்பில் ஒரு 'சுருக்'. ஐந்தாவது மாதம் அரை மணி ஓட்டினால் வலது கால் மரத்துப்போனது. காரிலிருந்து இறங்குவதே ஒரு தனி நாடகம். முதலில் ஒரு கை வெளியே வரும், பிறகு தலை, பிறகு 'முருகா', கடைசியில் நண்பர்.

இவர் இடுப்பு மட்டும் என்றால் போகிறது என்று விட்டிருக்கலாம். வீட்டில் அம்மா இருக்கிறார்கள். அறுபத்தெட்டு வயது, இரண்டு முட்டியும் தகராறு. அப்பா காலமானதிலிருந்து ஆடி அமாவாசைக்கு பாபநாசம் போய் ஆற்றில் முங்கிவிட்டு வருவது அவர்களுக்கு வழக்கம். அதற்கு முந்தைய வருஷம் பஸ்ஸில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டே போய், ஒரு வாரம் படுத்துவிட்டார்கள். "அடுத்த தடவை கார்ல கூட்டிட்டுப் போறேம்மா" என்று மகன் வாக்குக் கொடுத்திருந்தார். கார் வந்தது. அம்மா ஒரு முறை அதில் உட்கார்ந்து பார்த்தார்கள். "கிணத்துக்குள்ள இறங்குன மாரி இருக்குலே. நான் பஸ்லயே போய்க்கிடுதேன்."

நண்பர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அமாவாசைக்கு மூன்று வாரம் முன்னால் ஒத்திகை நடந்தது. அம்மா சீட்டில் அடியேன். மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், மேலச்செவல், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், பாபநாசம். ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வழியெல்லாம் வயலும் வாய்க்காலும், எதிரே பொதிகை மலை. அழகான ரோடு என்று எழுதத்தான் ஆசை. தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் உட்கார்ந்து போகிறவனுக்குத் தெரிவதெல்லாம் முன்னால் போகும் லாரியின் மட்கார்டும், ஊருக்கு ஊர் ஸ்பீடு பிரேக்கரும்தான். ஒவ்வொரு பிரேக்கரும் முதுகெலும்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது. சேரன்மகாதேவியில் டீ குடிக்க இறங்கியபோது நான் கேள்விக்குறி மாதிரி நின்றேன்.

டீக்கடை பெஞ்சில்தான் ஒரு சமாச்சாரம் கண்ணில் பட்டது. நண்பரின் பேன்ட் பின் பாக்கெட்டில் பர்ஸ் என்ற பெயரில் ஒரு செங்கல். எடுத்துப் பிரித்தால் ரூபாய் கொஞ்சம்தான். மீதியெல்லாம் ஏ.டி.எம். துண்டுச் சீட்டு, ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், திருச்செந்தூர் முருகன், காலாவதியான இரண்டு கார்டுகள். இதன் மேல்தான் ஐந்து மாதமாக வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார். சிரிக்க வேண்டாம். பர்ஸ் அழுத்தி கால் நரம்பு வலிப்பதைப் பற்றி 1978-இலேயே அமெரிக்க மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். பின்பக்கத் தசைக்கு அடியில்தான் காலுக்குப் போகும் பெரிய நரம்பு ஓடுகிறது. ஒரு பக்கம் உயர்ந்தால் இடுப்பெலும்பும் சாயும். பர்ஸ் சட்டைப் பைக்கு மாறியது. திரும்பி வரும்போது கால் மரத்துப்போகவில்லை. இடுப்பு மட்டும் பழைய பல்லவியையே பாடியது.

மறுநாள் தச்சநல்லூர் அண்ணாச்சியிடம் போனோம். லாரி சீட், வேன் சீட், பஸ் சீட் என்று முப்பது வருஷமாகத் தைக்கிறவர். காரைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தார். சீட்டில் உட்காரவில்லை, முழங்கையை ஊன்றி ஒரு அமுக்கு அமுக்கினார்.

"மெத்தைன்னா மெத்துன்னு இருக்கணும்னு எவன் சொன்னான்? மெத்துன்னு இருந்தா அமுங்கும். அமுங்கினா பின்பக்கம் கீழ போவும், முட்டு மேல ஏறும். நடுவுல கெடக்க இடுப்பு என்ன செய்யும், சொல்லுங்க பாப்போம்?"

(பின்பக்கத்துக்கு அவர் சொன்ன வார்த்தை வேறு. பத்திரிகை நாகரிகம் கருதி மாற்றியிருக்கிறேன்.)

ஒரு டாக்டர் அரை மணி நேரம் படம் போட்டு விளக்குவதை அண்ணாச்சி மூன்று வரியில் முடித்துவிட்டார். தாழ்ந்த காரில் காலை முன்னால் நீட்டித்தான் உட்கார வேண்டும். காலை நீட்டினால் தொடையின் பின் தசை இடுப்பெலும்பைப் பின்பக்கமாக இழுக்கும். உள்ளே வளைந்திருக்க வேண்டிய நடு இடுப்பு தட்டையாகிவிடும். அதற்கு மேல் ஸ்பான்ஜும் குழிந்தால் கேட்கவே வேண்டாம்.

சாய்ந்து உட்காருவதே தப்பு என்று ஒரு கட்சி உண்டு. தாத்தாவின் ஈசிசேரைப் பார்த்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள். ஸ்வீடனில் நாகெம்சன் என்ற எலும்பு டாக்டர் 1960-களில் உயிரோடு இருக்கிறவர்களின் முதுகெலும்புத் தட்டுக்குள் ஊசியைச் செலுத்தியே அழுத்தத்தை அளந்தார் (சம்மதித்தவர்களுக்கு ஒரு கும்பிடு). நிற்பதைவிட உட்காருவதில் அழுத்தம் அதிகம் என்றார். முதுகைச் சாய்த்து, இடுப்புக்கு அண்டை கொடுத்தால் குறைகிறது என்பதையும் அவர் குழு கண்டது. 1999-இல் ஜெர்மனியில் திரும்ப அளந்தவர்கள், உட்காருவது அப்படியொன்றும் நிற்பதைவிட மோசமில்லை, அசையாமல் ஒரே மாதிரி இருப்பதுதான் கெடுதல் என்கிற பக்கம் வந்தார்கள். ஆக, சாய்வு குற்றவாளி அல்ல. அண்டை இல்லாத சாய்வும், ஆடாமல் அசையாமல் இருப்பதும்தான்.

ரேஸ் ஓட்டுகிறவர்கள் சீட்டில் பஞ்சைத் தேடுவதே இல்லை. கோயமுத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்தில், 1995-இல் விமான விபத்தில் இறந்த கரிவரதன் பெயரால் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அதே கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். அந்த உயரத்தில் சீட் செய்யும் விதமே தனி. டிரைவரைப் பை போட்ட கூட்டுக்குள் உட்காரவைத்து, இரண்டு ரசாயனத்தைக் கலந்து ஊற்றுவார்கள். அது பொங்கி, அவர் முதுகின் அச்சிலேயே இறுகிவிடும். தையற்காரர் அளவெடுப்பது போலத்தான். வடிவம் சரியாக இருந்தால் மெத்தை கொஞ்சம் போதும்.

அண்ணாச்சிக்கு ஃபார்முலா ஒன் தெரியாது. ஆனால் அவர் செய்ததும் அதுதான். சீட்டைக் கழற்றிக் கவிழ்த்தார். அடியில் ரப்பர் பட்டைகள் தொய்ந்து தொட்டிலாகியிருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, கட்டிலுக்குப் பின்னுகிற நாடாவை இழுத்துப் பின்னினார். அதன் மேல் ரப்பர் பால் ஊற்றி அழுத்திய தேங்காய் நார் மெத்தை. நம் ஊர்க் கார் சீட்டுகள் ஒரு காலத்தில் இந்த நாரில்தான் இருந்தன. காற்று போகும், வியர்வை தங்காது. மேலே ஒரே ஒரு இஞ்ச், கெட்டியான ஃபோம். தொடைக்கு அடியில் முன்பக்கம் ஆப்பு மாதிரி உயர்த்தினார். முதுகுப் பக்கம், பெல்ட் போடுகிற இடத்தில், சுருட்டிய டவல் கனத்துக்கு ஒரு மேடு. ரெக்சின் வேண்டாம், துணி போதும் என்றார்.

அம்மா சீட்டுக்கு மட்டும் ஒரு சிக்கல் வந்தது. உயரம் போதாது என்று இரண்டு இஞ்ச் ஏற்றினார். நண்பர் உட்கார்ந்து பார்த்தால் தலை கான்வாஸில் முட்டியது. "நீங்க உக்காந்தா முட்டும். ஆத்தா உங்களைவிடக் குள்ளம்லா?" என்றார். அளவெடுக்காமலே கண்ணால் அளந்து வைத்திருக்கிறார்! பிறகு ஏறும் வித்தையும் அவர் சொன்னதே. சீட்டில் ஒரு பாலிதீன் கவரை விரிக்க வேண்டும். காலை வெளியே வைத்துக்கொண்டே முதலில் உட்கார வேண்டும். அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். கவர் வழுக்குவதால் ஆள் தானாகத் திரும்பிவிடும். ஏறியதும் கவரை உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது ஆள் டாஷ்போர்டுக்கு வந்துவிடுவார். அம்மா முதல் நாள் நாலு தடவை பழகினார்கள். நாலாவது தடவை சிரித்துவிட்டார்கள்.

போன ஆடி அமாவாசையன்று விடிவதற்கு முன்னால் கிளம்பினார்கள். பத்தமடையில் ஒரு நிறுத்தம், அம்பாசமுத்திரத்தில் ஒரு நிறுத்தம், இறங்கி நாலு எட்டு நடை. பத்தமடையில் அம்மா ஒரு சின்னப் பாய் வாங்கி சீட்டில் விரித்துக்கொண்டார்கள். தாமிரபரணிக் கரைக் கோரையைச் சீவி, ஊறவைத்து, அங்குள்ள முஸ்லிம் பெண்கள் நெய்கிற பாய். மெல்லியதிலும் மெல்லியதைப் பட்டுப் பாய் என்பார்கள். மடித்தால் துணி மாதிரி மடங்கும். புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அம்மா வாங்கியது சாதா ரகம்தான். கோரை சூட்டைத் தங்கவிடாது என்பது அவர்கள் கட்சி. பாபநாசம் படித்துறையில் வலியில்லாமல் இறங்கி, மூன்று முங்கு முங்கி எழுந்தார்கள். ஒரு வாரம் படுக்கவில்லை.

இந்த வருஷம் அமாவாசைக்கு முன்னால் சீட்டை அண்ணாச்சியிடம் பரிசோதனைக்குக் காட்டினோம். இங்கேதான் என் பி.காம். உதவியது. தேய்மானத்தில் நேர்கோட்டு முறை என்றும், குறைந்து செல் இருப்பு முறை என்றும் இரண்டு உண்டு. ஃபோம் இரண்டாவது கட்சி. முதல் சில மாதத்தில்தான் அதிகம் இறங்கும். அப்புறம் மெதுவாக. சூடும் ஈரமும் சேர்ந்தால் சீக்கிரம் செத்துவிடும். கடைக்காரர் 'உட்கார்ந்து பாருங்க ஸார்' என்று காட்டும் முதல் நாள் சுகத்தை நம்பி எந்த சீட்டையும் வாங்கக்கூடாது. அது அல்வா. ஒரு கோடை தாண்டிய பிறகு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அண்ணாச்சி ஸ்கேல் வைத்துப் பார்த்தார். டிரைவர் பக்கம் ஒரு விரல் கனம் இறங்கியிருந்தது. அம்மா பக்கம் அதில் பாதிகூட இல்லை. நாடாவை மட்டும் இழுத்துக் கட்டி, "இன்னும் ரெண்டு வருசம் ஓடும்" என்றார்.

இந்த ஆடி அமாவாசைக்கு நானும் பஸ்ஸில் பாபநாசம் போயிருந்தேன். குளித்து, ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு வந்த அம்மா என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்கள்.

"ஐயா, நீ அவன்கூட கார்ல வந்துரு. நான் பஸ்ல வாரேன்."

நண்பருக்குப் பகீர் என்றது. "ஏம்மா, இடுப்பு வலிக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சீட்டு நல்லாத்தான் இருக்கு. நம்ம தெருக்காரிய அத்தனை பேரும் பஸ்ல போறாளுவ. உன்கூட வந்தா நீ ரோட்டைப் பாக்க, நான் லாரி சக்கரத்தைப் பாக்கேன். பேச ஒரு ஆளு வேண்டாமா?"

பத்தமடைப் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். எனக்கு அந்த சீட்டில் தலை முட்டியது.