எட்டுக்கால் பூச்சியா, வேறொன்றா?

பிசான நடவு முடிந்த சமயம். காலை ஆறு மணிக்கு மேலப்பாளையத்திலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். "சார், பேத்தி கழுத்துல எட்டுக்கால் பூச்சி மோண்டுட்டுப் போயிருச்சு. தீச்சுட்ட மாதிரி கொப்புளம். புகையானுக்கு வாங்கின மருந்து மிச்சம் கிடக்கு. வீட்டுக்குள்ள அடிச்சா பூண்டோட ஒழியுமா?"

"மருந்து பாட்டிலைத் தொடாதீங்க பாய், நானே வாரேன்" என்று கிளம்பினேன்.

பிள்ளையின் கழுத்தில் கோடு இழுத்ததுபோல் சிவந்த கொப்புளங்கள். இரண்டு நாளைக்கு முன் ராத்திரி என்னவோ ஊர்ந்ததென்று கையால் தேய்த்திருக்கிறாள். பாளையங்கால் பாயும் வயலை ஒட்டிய வீடு. வாசலில் விடிய விடிய டியூப் லைட். அதன் அடியில் தேடினேன். எறும்பு போல, ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு பூச்சி கிடந்தது. நெல் வயலில் புகையானைத் தின்னும் வண்டு வகை இது. கடிக்காது. தோலில் வைத்து நசுக்கினால் அதன் உடம்பு நீர் பட்டு, ஒரு நாள் கழித்துக் கொப்புளம் போடும். மேலே ஏறினால் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

பழி சுமந்த எட்டுக்கால் பூச்சி, வயிற்றுக்கடியில் வெள்ளை வட்டமாக முட்டைப்பையோடு சுவரில் இருந்தது. அது கரப்பான் தின்னி. அநேகமாக எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு; ஆனால் அது பூச்சியைக் கொல்லும் அளவு. வீட்டுச் சிலந்தி கடித்தால் கடுப்பும் வீக்கமும் வந்து பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மரப்பொந்தில் வாழும் பெரிய ரோமச் சிலந்தி கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும். அதற்கு ஆஸ்பத்திரிதான் போகவேண்டும்.

2012இல் அசாமின் சதியா பகுதியில் சிலந்திகள் படையெடுத்து இரண்டு பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. கடிபட்டவர்களுக்கு நாட்டு வைத்தியர்கள் பிளேடால் கீறி ரத்தம் வடித்திருந்தார்கள். சாவுக்குக் காரணம் சிலந்தி விஷம்தான் என்று உறுதியாகவில்லை.

நான் சிலந்திக்குப் பயந்து சொல்லவில்லை. சிலந்தி என்று தப்பாகச் சொன்னதற்குப் பயந்து சொல்கிறேன். வேளாண்மைக் கல்லூரி லீவில் ஊருக்கு வந்திருந்தேன். தரையில் படுத்திருந்த சித்தப்பா நடுராத்திரி எழுந்து, காலில் ஏதோ சுருக்கென்றது என்றார். விளக்கைப் போட்டுப் பார்த்தோம். காயமும் இல்லை, வீக்கமும் இல்லை. "எட்டுக்கால் பூச்சியா இருக்கும், படுங்க" என்றேன். படித்தவன் சொன்னதால் யாரும் மறுக்கவில்லை. சுண்ணாம்பு தடவிப் படுத்தார். விடியற்காலையில் வயிற்றுவலி என்றார். கண் இமை தூக்க முடியவில்லை, நாக்கு குழறியது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் மூச்சு நின்றுவிட்டது. கடித்தது கட்டுவிரியன். அதன் கடியில் வலியும் தெரியாது, பல் தடமும் பல நேரம் தெரியாது.

அதனால் சொல்கிறேன்: ராத்திரி தரையில் படுத்தவரை எது கடித்தது என்று கண்ணால் பார்க்கவில்லையென்றால், சிலந்தி என்று முடிவு கட்டாதீர்கள். கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். அவரை நடக்கவிடாமல் 108க்குப் போன் செய்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்த விஷமுறிவு மருந்து அங்கே உண்டு.

வயல் மருந்தை வீட்டுக்குள் அடிக்கவே கூடாது. பிள்ளை தவழும் தரையிலும் பாய் தலையணையிலும் அது தங்கும். சிலந்திக்கு ஒட்டடைக் கம்பு போதும். விறகு, தென்னை மட்டை, பழைய செங்கலைச் சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். எடுக்கும்போது கம்பால் தட்டிவிட்டு எடுங்கள். செருப்பை உதறிப் போடுங்கள். கட்டிலில் படுத்து, கொசுவலையைப் படுக்கைக்கடியில் செருகுங்கள். இது சிலந்திக்கும் காவல், விரியனுக்கும் காவல்.

வயலிலும் சிலந்தி நமக்கு வேலையாள்தான். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரும்வரை மருந்தடிக்க வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை.

பாய் அன்றைக்கே வாசல் லைட்டைத் தெருப்பக்கம் தள்ளி மாட்டினார். மருந்து பாட்டில் வயல் கொட்டகைப் பெட்டிக்குள் போய்ப் பூட்டுப் போட்டுக்கொண்டது. பேத்திக்குப் பத்து நாளில் தழும்பும் மங்கிவிட்டது.