வலப்புறம் வந்தமர்ந்த மகன்

குடும்பத்தில் ஒருவரையொருவர் நாள்தோறும் அழைக்கின்றனர். அழைத்தவுடன் மறுமொழி வந்துவிட்டால் அதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. வராதபோதுதான் நெஞ்சில் ஒரு முள் தைக்கிறது. 'கேட்டும் கேளாதவர்போல் இருக்கிறாரே' என்று மனம் தானே ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறது. அவ்வாறு எழுதப்பட்ட இரண்டு தவறான தீர்ப்புகள் நம் இல்லத்தில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் செல்லுபடியாகியிருந்தன. அவற்றைத் திருத்தி எழுத உதவியது ஞானத்தியானமும் அன்று, பெரியோர் அறிவுரையும் அன்று. கணிப்பொறி விளையாட்டுக்கென இளைஞர்கள் தலையில் மாட்டிக்கொள்கிறார்களே, அந்த ஹெட்செட்டே அதற்கு உதவியது.

நம் இளைய மகன் பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். வீட்டிலிருந்தே கல்லூரிக்குச் சென்று வருகிறான். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவன் தாய்மாமன் அளித்த பணத்தில் அந்த ஹெட்செட்டை வாங்கினான். அன்றுமுதல் அவன் அறைக்கதவு சாத்தியே இருந்தது. செபமாலைக்கு அழைத்தால் மூன்றாம் அழைப்பில்தான் வெளியே வருவான். உணவு மேசையில் குனிந்த தலை நிமிராது. 'இந்தக் கருவியல்லவா பிள்ளையை நம்மிடமிருந்து பிரித்துவிட்டது!' என்று நாம் உள்ளூரக் குமைந்துகொண்டிருந்தோம்.

தவக்காலத்தின் இறுதியில், குருத்து ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை, அவனே நம்மிடம் வந்தான். அவன் தாய் சொல்லி அனுப்பினாரோ, தானாகத்தான் வந்தானோ, அறியோம். எதிரே வந்து நின்று, "அப்பா, இதைக் கொஞ்சம் பார்க்கிறீர்களா? சுற்றிலுமிருந்து ஒலி கேட்கும், 7.1 என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். எனக்கோ குகைக்குள் பேசுவதுபோல் இருக்கிறது" என்றான்.

பங்கு ஆலயத்தின் ஒலிபெருக்கியை இருபத்திரண்டு ஆண்டுகளாக நாம்தான் கவனித்து வருகிறோம். ஆம்ப்ளிபயரும் மைக்கும் குழாய் ஒலிபெருக்கியும் நமக்குக் கைவந்த பொருள்கள். ஆயினும் இந்தப் புதுக் கருவியின் முன் நாமும் மாணவரே. அவன் நாற்காலிக்கு அருகில் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தோம்.

முதலில் '7.1' என்பதன் பொருளை அவனுக்கு விளக்கினோம். முன்னும் பக்கத்திலும் பின்னுமாக ஏழு ஒலிபெருக்கிகள், ஆழ்ந்த முழக்கத்திற்கென்று தனியாக ஒன்று; இதுவே 7.1. திரையரங்குக்கு இது பொருந்தும். ஹெட்செட்டில் எட்டு ஒலிபெருக்கிகளுக்கு இடமேது? பெரும்பாலான ஹெட்செட்டுகளில் செவிக்கு ஒன்றாக இரண்டே இரண்டுதான் இருக்கின்றன. எனில் பின்னாலிருந்து ஒலி கேட்பதெப்படி? அது செவியை மூளை நம்பும் விதத்தைப் பயன்படுத்தும் ஓர் இனிய ஏமாற்று.

ஆங்கிலேய இயற்பியலறிஞர் ராலே பிரபு 1907ஆம் ஆண்டிலேயே இதன் அடிப்படையை விளக்கினார். இடப்புறம் எழும் ஓசை இடச்செவியை முதலில் அடைகிறது. தலையைச் சுற்றி வலச்செவியை அடைய அதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அந்த வேறுபாடு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. கீச்சொலியாயின் தலை அதை மறைத்துவிடுவதால், அப்பாலுள்ள செவிக்கு மெலிந்தே கேட்கிறது. இவ்விரு வேறுபாடுகளைக் கொண்டு இடம், வலம் அறிகிறது மூளை. முன், பின், மேல், கீழ் என்று அறிவதற்குச் செவி மடலின் வளைவுகள் துணைசெய்கின்றன. ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும் ஒலியை அவை வெவ்வேறாகச் சிறிது திரித்து உள்ளே அனுப்புகின்றன. இத்திரிபுகளையெல்லாம் அளந்து கணக்கிட்டு, இரண்டு ஒலிபெருக்கிகளின் வழியே செவிக்குள் ஊட்டுவதுதான் இன்றைய ஹெட்செட்டின் வித்தை.

இது இன்று நேற்று எழுந்த ஆசையன்று. 1881இல் பாரிஸ் நகரில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், ஓபரா மேடையில் வாங்கிய இசையைத் தொலைபேசிக் கம்பிகளின் வழியே கிளமோன் அதேர் கேட்கச் செய்தார். செவிக்கு ஒன்றாக இரு கருவிகளை வைத்துக் கேட்டவர்களுக்குப் பாடகர் மேடையில் இடம்பெயர்வதும் புலப்பட்டது. 1931இல் ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலப் பொறியாளர் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

இதையெல்லாம் நாம் சொல்லச் சொல்ல மகன் வியப்போடு கேட்டுக்கொண்டிருந்தான். பல வாரங்களுக்குப் பின் அவன் முகத்தை அருகிருந்து பார்த்தோம்.

பிறகு குறையைத் தேடினோம். ஹெட்செட்டுடன் சிறிய யு.எஸ்.பி. துண்டு ஒன்று வந்திருந்தது. உற்பத்தியாளரின் 7.1 ஏற்பாடு அதன் வழியாகத்தான் இயங்கும். நம் மகனோ முதல் சில வாரங்கள் அதை விடுத்துக் கணிப்பொறியின் முன்புறத் துளையில் நேரே செருகியிருக்கிறான். இடம், வலம் மட்டுமே கேட்டதால், விண்டோஸ் அமைப்பில் ஒலிப் பகுதிக்குச் சென்று 'ஸ்பேஷியல் சவுண்ட்' என்ற இடத்தில் 'விண்டோஸ் சோனிக்' என்பதைத் தேர்ந்திருக்கிறான். அதன் பின் யு.எஸ்.பி. துண்டையும் கண்டுபிடித்துச் செருகி, அதிலும் 7.1ஐ முடுக்கியிருக்கிறான். போதாக்குறைக்கு அவன் ஆடும் விளையாட்டினுள்ளேயே ஹெட்ஃபோனுக்கான திசையொலி ஏற்பாடு ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது. ஒரே வேலையை மூவர் ஒருவர்பின் ஒருவராகச் செய்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே திரித்த ஒலியை மீண்டும் மீண்டும் திரித்ததால்தான் அந்தக் குகையோசை.

"மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள், தம்பி" என்றோம். விளையாட்டின் சொந்த ஏற்பாட்டை இருக்கவிட்டு மற்ற இரண்டையும் அணைத்தான். விளையாட்டுக்கு அடியோசை வரும் இடம் நன்கு தெரியும். ஆகவே அதன் கணக்கே துல்லியமாயிருக்கும். அத்தகைய ஏற்பாடில்லாத விளையாட்டுக்கும் திரைப்படத்துக்கும் மட்டும் விண்டோஸ் சோனிக்கை முடுக்கிக்கொள்ளலாம். ஒலி வெளிவரும் கருவியாக ஹெட்செட்டே தேர்வாகியிருக்கிறதா என்பதையும், 'எல்' எனக் குறித்த பக்கம் இடச்செவியில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டால் போதும். மகன் மாட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "அப்பா! சரியாகிவிட்டது. நீங்களும் கேட்டுப் பாருங்கள்" என்று நம் தலையில் மாட்டிவிட்டான்.

விளையாட்டில் பயிற்சிக் களம் ஒன்றுண்டு. அங்கே ஒரு சுவரருகே குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். தன் வீரனை அதன் அருகில் நிறுத்தி, மெல்ல மெல்லத் திருப்பினான். கண்களை மூடிக்கொள்ளச் சொல்லி, ஹெட்செட்டைச் சற்றே விலக்கி, "தண்ணீர் எந்தப் பக்கம், அப்பா?" என்றான்.

"வலப்பக்கம்" என்றோம்.

"இப்போது?"

"வலப்பக்கந்தான். கொஞ்சம் தொலைவில்."

"இப்போது?"

"அதே வலப்பக்கம்."

அவன் பேசவில்லை. கண் திறந்து பார்த்தோம். திரையில் குழாய் இடப்பக்கம் இருந்தது. கருவியின் இடப்பக்கம் பழுது போலும் என்றோம். அவன் ஹெட்செட்டைக் கழற்றித் திருப்பி, இடப்பக்கம் நம் வலச்செவியில் வருமாறு மாட்டினான். தண்ணீர் கணீரென்று கொட்டியது. கருவியில் பழுதில்லை. பழுது நம் இடச்செவியில்.

தொலைபேசியை எப்போதும் வலச்செவியில் வைப்பது, கூட்டத்தில் பேச்சுப் புரியாமல் புன்னகைத்து வைப்பது, ஆலயத்தில் யாரேனும் அழைத்தால் எங்கிருந்தென அறியாமல் நாற்புறமும் திரும்புவது ஆகிய பழக்கங்களுக்கெல்லாம் அந்த ஒரு நொடியில் பொருள் விளங்கிற்று. செவித்திறன் சிறுகச் சிறுகக் குறைந்ததால் நாமே அதை உணராதிருந்தோம்.

நாம் அதையே எண்ணிக்கொண்டிருக்க, மகன் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்: "அப்பா, திருவருகைக் காலத்தில் ஒருநாள் இரவு சாப்பிடும்போது உங்களிடம் ஒன்று கேட்டேன். எனக்கு இந்தப் படிப்பு ஓடவில்லை, இரண்டு பாடங்களில் தோற்றுவிட்டேன், வேறு படிக்கலாமா என்று கேட்டேன். நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டீர்கள்."

மேசையில் அவன் இடம் நமக்கு இடப்புறம். அன்று அவன் தாய் சமையலறையில் இருந்தார். குனிந்த தலையோடு, தயங்கிய குரலில், பிள்ளை தன் வாழ்வின் பெரிய கேள்வியைக் கேட்டிருக்கிறான். அது நம் செவியை எட்டவேயில்லை. தந்தை தன்னை வெறுத்துவிட்டார் என்று அவன் தீர்ப்பெழுதினான். கதவைச் சாத்திக்கொண்டான். விளையாட்டு மகனைப் பறித்துக்கொண்டது என்று நாம் தீர்ப்பெழுதினோம். இரண்டிலும் உண்மையில்லை. "எனக்குக் கேட்கவில்லையடா, கண்ணு" என்பதற்குமேல் நம்மால் பேச இயலவில்லை. அவன் நம் கையைப் பிடித்துக்கொண்டான்.

உயிர்ப்புப் பெருவிழா கழிந்ததும் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் சென்றோம். ஓசை புகாத அறையில் அமர்த்திச் சோதித்தார்கள். உள்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் இடப்புறம் பெரிதும் சிதைந்திருந்தன. அவை மீண்டும் முளைப்பதில்லை. ஒரு செவியில் மட்டும் குறை மிகுந்திருந்ததால், வேறு கோளாறு இல்லையென உறுதிசெய்ய ஸ்கேன் எடுக்கச் செய்தார். ஆண்டவர் அருளால் ஒன்றுமில்லை. ஒலிபெருக்கிக் குழாயருகே பல ஆண்டுகள் நின்றதும் காரணமாகலாம், வயதும் சேரலாம் என்றார். இப்போது காதுக்கருவி அணிகிறோம். தொடக்கத்தில் வெட்கமாயிருந்தது. கண்ணாடி அணிய வெட்கப்படாத நாம் இதற்கு மட்டும் வெட்கப்படுவானேன்?

மகனுக்கும் அங்கே பாடம் கிடைத்தது. 80 டெசிபெல் அளவிலான ஒலியை வாரத்திற்கு 40 மணிக்குமேல் கேட்பது செவிக்குக் கேடு என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டல். சிறுவர்க்கு 75 டெசிபெல்லே எல்லை. ஒலி 3 டெசிபெல் கூடினால் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்ட இளையோர் தவிர்க்கக்கூடிய செவிக்குறையின் ஆபத்தில் இருப்பதாக அந்நிறுவனம் எச்சரிக்கிறது. மகன் இப்போது ஒலியைப் பாதிக்குமேல் வைப்பதில்லை; மணிக்கொருமுறை கழற்றிவைக்கிறான். நமக்காகவும் ஒன்று செய்தான். விண்டோஸ் ஒலி அமைப்பில் 'மோனோ ஆடியோ' என்றொரு தெரிவு உண்டு. அதை முடுக்கினால் இடப்பக்க ஒலியும் வலப்பக்க ஒலியும் ஒன்றாகி இரு செவிக்கும் வரும். ஒரு செவி மந்தமானவர்க்கு மறையுரையோ பாடலோ பாதியாய்ப் போகாது. நம்மைப் போன்ற வாசகர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்வார்களாக.

சாமுவேல் ஆகமத்தில் ஒரு காட்சி வருகிறது. ஆலயத்தில் உறங்கிய சிறுவன் சாமுவேலை ஆண்டவர் பெயர் சொல்லி அழைக்கிறார். அவனோ குருவாகிய ஏலி அழைத்ததாக எண்ணி மும்முறை அவரிடம் ஓடுகிறான். குரல் கேட்கிறது, எங்கிருந்து என்பதுதான் தெரியவில்லை. கண்பார்வை மங்கிய ஏலி அவன்மேல் சினந்துகொள்ளவில்லை. அழைப்பவர் யாரென உணர்ந்து பிள்ளைக்கு வழி சொல்கிறார். இப்பகுதியைப் பலமுறை கேட்டிருந்தும், பெற்றோர்க்கு ஏலி ஒரு முன்மாதிரி என்பதை இந்த ஆண்டுதான் உணர்ந்தோம். மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் காது கேளாதவரை இயேசு கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்று, அவர் செவிகளில் விரலிட்டுக் குணமாக்குகிறார். நம்மையும் அவர் தனியேதான் அழைத்துச் சென்றார். ஒரு மகனின் அறைக்கு, ஒரு முக்காலிக்கு.

மகனின் கேள்விக்கு நாம் விடைகூற நான்கு மாதம் தாமதமாயிற்று. அவனோடும் அவன் தாயோடும் கூடி இரண்டு இரவுகள் பேசினோம். தோற்ற பாடங்களை எழுதி இந்த ஆண்டை முடிப்பது, அதன் பின்னும் மனம் ஒப்பாவிடில் மாறிக்கொள்வது என்று முடிவாயிற்று. எது நடந்தாலும் அவன் தனித்திருக்கமாட்டான். மாலையில் இன்னும் விளையாடுகிறான். செபமாலைக்கு அறைக்கதவைத் தட்டி அழைக்கிறோம். முதல் அழைப்பிலேயே வருகிறான்.

உணவு மேசையில் ஒரு மாற்றம். அன்றிரவே அவன் தன் தட்டை எடுத்துக்கொண்டு சுற்றிவந்து நம் வலப்புறம் அமர்ந்தான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. அது இப்போது அவன் இடம்.

அன்பு வாசகரே, உங்கள் இல்லத்திலும் அழைத்தால் திரும்பாத ஒருவர் இருக்கக்கூடும். அவர்மேல் சினங்கொள்வதற்குமுன், எழுந்து மறுபக்கம் சென்று இன்னொருமுறை அழைத்துப் பாருங்கள்.