முதல் கோப்பை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு கதிரைகள். அதில் இருந்து சாப்பிட்டவர் ஒரே ஆள்தான், அப்பா. அவரும் மாதத்தில் இரண்டு முறை. வெள்ளிக்கிழமை இரவு கொழும்புக் கோட்டையில் மெயில் ரெயின் ஏறி, சனி விடியச் சுன்னாகத்தில் இறங்குவார். ஞாயிறு இரவு திரும்பவும் மெயில். இடையில் கிடைக்கும் நாலைந்து வேளையும் அம்மா பக்கத்தில் நின்று பரிமாறுவா. நானும் தம்பியும் குசினிக்குள் பலகையில் குந்தியிருந்து, அப்பா கதிரையைப் பின்னால் இழுக்கும் சத்தத்துக்குக் காத்திருப்போம். மீன் குழம்பில் நடுத்துண்டு, முட்டைப்பொரியலில் பெரிய பங்கு, சொதியில் முதல் அகப்பை எல்லாம் அவர் கோப்பைக்குத்தான். அதை ஒரு குறையாக நாங்கள் எண்ணியதே இல்லை. அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை என்பதைத்தான் இப்போது நினைக்கிறேன். நல்லது எதுவோ அது அவர் கோப்பையில் விழுந்தது. அவரும் கதைக்காமல் சாப்பிட்டுவிட்டு எழும்பினார்.

(கோப்பை என்று நாங்கள் சொல்வது தட்டை. தமிழகத்து வாசகர் தேநீர்க் கிண்ணத்தை நினைத்துவிடக் கூடாது.)

1978 ஓகஸ்ட் பள்ளி விடுமுறைக்கு அப்பா என்னைத் தன்னோடு கொழும்புக்குக் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னார். எனக்குப் பத்து வயது. அம்மாவுக்கு விருப்பமில்லை. தமிழர்மேல் கலவரம் நடந்து சரியாக ஒரு வருசம். ரெயின் ரெயினாகச் சனம் வந்து இறங்கியதை அவ ஸ்ரேசனில் நின்று பார்த்தவ. "பிள்ளைக்கு ஒருக்கா நல்ல சாப்பாடு வாங்கிக் குடுக்கோணும்" என்றார் அப்பா. "இஞ்சை நான் என்ன நஞ்சையே போடுறன்?" என்று கேட்டுவிட்டு, அம்மா பயத்தம் பணியாரம் சுடத் தொடங்கிவிட்டா.

அந்த நல்ல சாப்பாட்டுக்குக் காசு வந்த கதையைப் பின்னாளில்தான் அறிந்தேன். அப்பா அரசாங்க எழுதுவினைஞர். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது வேலையில் சேர்ந்து இரண்டு வருசம். சிங்களச் சோதனை எழுதமாட்டேன் என்று நின்றவர்களில் அவரும் ஒருவர். சம்பள உயர்வும் நின்றது. சம்பள உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குப் போட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரனைப் பற்றிய பத்திரிகைத் துண்டுகள், லண்டன் பிரிவிக் கவுன்சில் 1969இல் கொடுத்த தீர்ப்பு வரைக்கும், அப்பாவின் ட்ரங்குப் பெட்டியில் ஒரு கடித உறைக்குள் இருந்தன. ஆனால் வழக்கில் வெல்வது வேறு, வீட்டுக்குக் கூரை போடுவது வேறு. கடைசியில் அவரும் சோதனை எழுதினார். முதல் தரத்திலேயே பாஸ். பிடித்து வைத்திருந்த காசில் கொஞ்சம் கைக்கு வந்தது. அதில் எவ்வளவை அம்மாவிடம் கொடுத்தார், எவ்வளவை ஒளித்தார் என்று தெரியாது. ஒளித்ததைச் செலவழிக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் கோல்பேஸ் ஹொட்டேல்.

அப்பாவின் சமறி, அதாவது கூட்டாகத் தங்கும் வீடு, வெள்ளவத்தையில், கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது. நாலு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஆளாளுக்கு ஒரு மிளகாய்த்தூள் போத்தல். நாலு பேரும் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார். அவர்கள்தான் எனக்கு ஒத்திகை நடத்தினார்கள். வீட்டில் கத்தியும் இல்லை, முள்ளுக்கரண்டியும் இல்லை. அடிமட்டம் கத்தியாயிற்று. முள்ளுக்கரண்டிக்கு ஒரு மாமாவின் சீப்பு. சீப்பை இடக்கையில் பிடித்து, அடிமட்டத்தால் பாணை அறுத்து, வாய்க்குக் கொண்டுபோகும்போது எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் வாய்விட்டுச் சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

மேசை, கதிரை, கோப்பை, பாண், குசினி எல்லாமே போர்த்துக்கேயன் விட்டுப்போன சொற்கள். காலில் போட்ட சப்பாத்தும், அப்பா பொக்கற்றில் வைத்திருந்த லேஞ்சியும்கூட அவனுடையவை. முள்ளுக்கரண்டியை மட்டும் நாங்கள் அவனிடம் வாங்கவில்லை. சிங்களவர் வாங்கினார்கள், அவர்களுடைய 'கேருப்புவ' போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. நாங்கள் கதிரையில் ஏறி இருந்து, பீங்கானைக் கழுவி முன்னால் வைத்து, கடைசியில் கையால் பிசைந்து சாப்பிட்ட சனம். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சின்னப் பெருமை உண்டு.

பின்னேரம் காலி வீதியில் பஸ் எடுத்துக் காலிமுகத் திடலடியில் இறங்கினோம். ஓகஸ்ட் மாதக் கடல் கொதித்துக்கொண்டிருந்தது. திடலோரம் நடந்தபோது அப்பா ஒரு கல்லைக் காட்டி வாசிக்கச் சொன்னார். எனக்கு அந்த இங்கிலீஷ் வரவில்லை. அவரே வாசித்துக் கருத்தும் சொன்னார். தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856இல் இந்த நடைபாதையைத் தொடங்கி, 1859இல் முடித்து, கொழும்புப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக அதைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களிடம் ஒப்படைத்துப் போனாராம். "உனக்காகத்தான் கட்டினவன்" என்றார். இன்னும் கொஞ்சம் நடந்தபின், தூரத்தில் தெரிந்த பாராளுமன்றக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு, "இஞ்சைதான் செல்வநாயகம் ஆக்களை அடிச்சவங்கள்" என்றார். 1956 ஜூன் 5. தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து, தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தோடு சத்தியாக்கிரகம் என்று புல்லில் இருந்தவர்களைக் காடையர் அடித்து விரட்டிய நாள். அப்பா அதைக் கண்ணால் கண்டவரா என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. "வா பிள்ளை, மழை வரப்போகுது" என்று நடையைக் கூட்டினார். ஒரே புல்வெளியில் அவர் எனக்குக் காட்டியவை இந்த இரண்டும்தான்.

ஹொட்டேல் 1864இல் கட்டியது. உள்ளே போனதும் எனக்கு முதலில் பட்டது உயரம். எங்கள் ஊர்த் தேவாலயத்தில் மட்டும்தான் அப்படி அண்ணாந்து பார்த்திருக்கிறேன். மரப்படிகள், மெழுகு மணம், அதற்குள் புகுந்து வரும் உப்புக்காற்று. யன்னலோர மேசை ஒன்றுக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். வெள்ளை விரிப்பு கஞ்சி போட்டு மடமடவென்று இருந்தது. என் கதிரையை ஒருவர் பின்னால் இழுத்துப் பிடித்தார். விழுத்தப் போகிறார் என்று நினைத்துக் கையால் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அப்பா கதைக்கத் தொடங்கினார். பட்டியலைப் பார்த்து இங்கிலீஷில் ஒன்று கேட்டார். பரிமாறுபவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, அப்பாவும் சிங்களத்துக்கு மாறினார். திக்காமல், கைகளை ஆட்டி, இடையில் ஒரு பகிடியும் விட்டு. அந்த மனிசன் சிரித்தார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எங்கள் அப்பாவுக்குள் இன்னொருவர் இருந்து மாதத்தில் இருபத்தாறு நாள் கொழும்பில் சீவிக்கிறார் என்று எனக்கு விளங்கிய இடம் அதுதான். கொஞ்சம் பயமாக இருந்தது. 'ஸ்தூதி' என்று அவர் முடித்ததும் என் பக்கம் திரும்பி, "என்ன பிள்ளை, குளிருதோ?" என்றபோதுதான் ஆறுதல் வந்தது.

சூப் வந்தது. முதல் கோப்பையை எனக்கு முன்னால் வைத்தார்கள்.

பிழையாக வைத்துவிட்டார்கள் என்று நினைத்து அதை அப்பா பக்கம் தள்ளினேன். விரிப்பில் ஒரு சொட்டுத் தெறித்தது. அப்பா திருப்பித் தள்ளினார். "உனக்குத்தான். இஞ்சை பொம்பிளையளுக்குத்தான் முதல்." அவருக்கும் வந்தது. ஆனாலும் அவர் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் கரண்டியை எடுக்கட்டும் என்று காத்திருக்கிறார் என்பது விளங்க எனக்குக் கன நேரம் எடுத்தது. அவ்வளவுக்குள் சூப்பில் ஆடை படர்ந்துவிட்டது. என்ன சூப் என்று ஞாபகமில்லை. அப்பா எனக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் அப்படியே இருக்கிறது. பத்து வருசத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், எதிரெதிரே இருந்து சாப்பிட்டது அதுதான் முதல்.

மீன் வந்தது, கோழி வந்தது. சீஸ் என்று ஒன்றும் வந்தது. 1977க்குப் பிறகு இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். கடைகளில் அப்பிள் தொங்கத் தொடங்கிய காலம். அதற்கு முந்திய வருசங்களில் பாணுக்கே விடியப்புறம் கியூவில் நின்றவர்கள் நாங்கள். சீஸை மணந்து பார்த்து, "பழுதாப் போச்சுது" என்று அப்பாவின் காதில் சொன்னேன். "சத்தம் போடாதை, விலை கூடினது எல்லாம் உப்பிடித்தான் மணக்கும்" என்றார்.

கடைசியில் கரமல் புடிங். அசைத்தால் ஆடும், சுற்றிவரத் தேன் நிறத்தில் பாகு. அப்பா முதல் கரண்டியை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். பிறகு கதையே இல்லை. தன்னுடையதை முடித்தார், பாகையும் வழித்தார், பிறகு என்னுடையதைப் பார்த்தார். "முழுக்கச் சாப்பிடுவியோ?" என்று கேட்டார். நான் சாப்பிட்டிருப்பேன்தான். ஆனாலும் பாதியைக் கொடுத்தேன். "வயித்துக்கு ஆகாது, சின்னப்பிள்ளையளுக்கு" என்று சொல்லிக்கொண்டே அதையும் முடித்தார். எங்கள் அப்பாவுக்கு இனிப்பென்றால் உயிர் என்று அம்மாவுக்கும் அதுவரை தெரியாது. ஊருக்குத் திரும்பி நான் சொன்னபோது, "அந்தாளோ? பாயாசமே வேண்டாம் எண்டுறவர்" என்றா. அது ஏன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பாயாசம் எப்போதும் கடைசியில் வரும். அண்டாவில் இருப்பது பிள்ளைகளுக்குக் காணுமோ என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்பார்.

பில் எவ்வளவு என்று காட்டவில்லை. திரும்பும்போது இரட்டைத்தட்டு பஸ்ஸில் மேல்தட்டு முன் ஆசனம். வெள்ளவத்தை வரும்வரை அவர் எனக்குச் சிங்களத்தில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணப் பழக்கினார்.

2013இல் மீண்டும் அந்த வாசலுக்குப் போனேன். சாத்துக் குட்டன் நின்றிருந்தார். வெள்ளைச் சீருடை, நெஞ்சு நிறையச் சின்னங்கள், பெரிய வெள்ளை மீசை. கேரளத்தில் பிறந்து 1942இல் அந்த ஹொட்டேலில் வேலைக்குச் சேர்ந்தவர். தொண்ணூறைத் தாண்டியும் வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தார். அடுத்த வருசம் தன் 94ஆவது வயதில் காலமானார். நாங்கள் போன அந்த இரவும் அவர் அந்தக் கட்டடத்தில்தான் எங்கேயோ வேலை செய்திருக்க வேண்டும். கேட்டுப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எத்தனை அப்பாமார், எத்தனை பிள்ளைகள். கைகூப்பிவிட்டு உள்ளே போய், கடற்கரை விறாந்தையில் ஒரு தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வந்தேன். புடிங் கேட்கவில்லை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அப்பா முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தார். உடுத்த சாரமும் ஒரு துணிப்பையும். ட்ரங்குப் பெட்டியும் கோடீஸ்வரனும் வெள்ளவத்தையில் எரிந்துபோயின. அப்பா பிறகு கொழும்பைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் தனியே இருந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார். ஆறு கதிரையிலும் ஆள் இருக்க வேண்டும் என்றார். நாங்கள் நாலு பேர்தான். மற்ற இரண்டிலும் பூனைகள் படுத்தன.

1990இல் போரோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. ரெயின் அதற்குள் நின்றுவிட்டது. ஜாம் போத்தலில் ஒரு விரல் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கு. சீனி கண்ணுக்கும் எட்டாத விலை. வெறும் தேத்தண்ணிக்குப் பனங்கட்டியைக் கடித்துக்கொள்வோம். அப்பாவுக்கு அப்போது நடமாட்டம் குறைந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம், ஒரு சம்பந்தமும் இல்லாமல், "அந்தப் புடிங் என்ன மாதிரிச் செய்யிறவங்கள்?" என்று கேட்டார்.

முட்டை இருந்தது, எங்கள் கோழி. பக்கத்து வீட்டில் பால் வாங்கினேன். பழைய பால்மா ரின் ஒன்றில் பனங்கட்டியைக் காய்ச்சிப் பாகாக்கினேன். கொஞ்சம் கூடக் கருகிவிட்டது. முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, புட்டுப்பானைக்குள் வைத்து அவித்தேன். கவிழ்த்தபோது ஒரு பக்கம் உடைந்து, தார் நிறப் பாகு கோப்பை முழுதும் ஓடியது. ஜாம் போத்தல் விளக்கை மேசை நடுவில் வைத்து, முதல் கோப்பையை அவருக்கு முன்னால் வைத்தேன். கரண்டியும் கொடுத்தேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தபோது அப்பா இல்லை. அதற்கு முந்திய வருசமே போய்விட்டார். அது அவர் செய்த புண்ணியம் என்று அம்மா சொல்வா. நான் நினைப்பது அந்தப் பனங்கட்டிப் புடிங்கைத்தான். நான் குசினிக்குப் போய் எனக்கொரு கரண்டி எடுத்துக்கொண்டு வருவதற்குள் கோப்பை வெறுமை. அப்பா ரின்னைக் கையில் எடுத்து, விளக்குப் பக்கம் சரித்து, அடியில் ஒட்டியிருந்த கருகலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.