அழிப்பதற்கு முன்



விண்டோஸ் 7 இயங்குதளத்திற்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் நாளோடு முடிவுறும் என்று அறிந்து, 2019ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் என் பழைய கணினியை விண்டோஸ் 10க்கு மாற்ற முனைந்தேன். பாடக் கோப்புகளைப் பென்டிரைவ் எனப்படும் விரலியில் படியெடுத்துக்கொண்டு, வன்தட்டை முழுவதும் அழித்தேன். புதிய இயங்குதளம் குறையின்றி நிறுவப்பட்டது. ஆனால், கம்பியில்லா இணைய அட்டை செயற்படவில்லை, அச்சுப்பொறியும் அசையவில்லை.

கோளாறு கருவிகளில் இல்லை. கருவிக்கும் இயங்குதளத்திற்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்பது டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள். வன்தட்டை அழித்தபோது அவற்றையும் அழித்திருந்தேன். இணைய அட்டைக்குரிய இயக்கியை இணையத்திலிருந்துதான் பெற வேண்டும். இணையமோ அந்த இயக்கியின்றி வராது. வாளியும் கயிறும் கிணற்றுக்குள் விழுந்த கதைதான்!

கிள்ளானில் ஒரு கடையில் காட்டினேன். “டீச்சர், இனி இது தேறாது. புதுசா ஒன்னு வாங்கிடுங்க” என்றார் கடைக்காரர். மனம் ஒப்பவில்லை.

ஆசிரியர் பயிற்சிக் காலத்துத் தோழி ஒருவர் பிரிக்பீல்ட்சில் வசிக்கிறார். அவர் தொலைபேசியிலேயே வழி சொன்னார். ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் மஞ்சள் குறியிட்ட கருவியின் விவரங்களைத் திறந்தால், தயாரிப்பாளர் எண்ணும் கருவி எண்ணும் தெரியும். தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல். பெட்டியின் மேல் உள்ள பெயரைவிட அந்த எண்களே நம்பத்தக்கவை. அவற்றைக் குறித்துக்கொண்டு, கொமுட்டர் இரயிலில் கேஎல் சென்ட்ரல் சென்று இறங்கினேன். தோழியின் கணினியில் தேடி, உரிய இயக்கியை விரலியில் ஏற்றி வந்தேன். இணையம் உயிர்பெற்றது.

அச்சுப்பொறி மட்டும் பிடிவாதம் பிடித்தது. எண் பெரிதாயின் சிறப்பு என்றெண்ணி 64 பிட் பதிப்பை நிறுவியிருந்தேன். அந்தப் பழைய அச்சுப்பொறிக்கோ 32 பிட் இயக்கி மட்டுமே உண்டு. 64 பிட் இயங்குதளம் அதனை ஏற்காது. என் கணினியின் நினைவகம் 2 ஜிபிதான். 64 பிட்டால் எனக்கு எந்தப் பயனும் இல்லை. மறுநாள் 32 பிட் பதிப்பை நிறுவினேன். அச்சுப்பொறி முனகிக்கொண்டே ஒரு தாளைத் தள்ளியபோது, வீட்டில் அனைவரும் கைதட்டினோம்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. வீட்டில் கணினியோ இணையமோ இல்லாத மாணவர்கள் என் வகுப்பிலும் இருந்தனர். அவர்களுக்கான பயிற்சித் தாள்களை அந்த அச்சுப்பொறிதான் அச்சிட்டுத் தந்தது. கட்டுப்பாடு தளர்ந்தபோது பெற்றோர் வந்து பெற்றுச் சென்றனர். கடைக்காரர் சொற்படி நடந்திருந்தால், அவ்வேளையில் நான் வெறுங்கையோடு நின்றிருப்பேன்.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 நிறுவ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். அதில் 32 பிட் பதிப்பே இல்லை. ஆகவே, லினக்ஸ் இயங்குதளத்தை விரலியிலிருந்தே இயக்கிப் பார்க்கிறேன். எந்தக் கருவி இயங்குகிறது, எது இயங்கவில்லை என்று ஒரு தாளில் குறித்து வருகிறேன்.

இம்முறை வன்தட்டில் ஒன்றையும் அழிக்கவில்லை. நண்பர்களே, நீங்களும் முதலில் இயக்கிகளைத் தேடிச் சேமித்துக்கொள்ளுங்கள். அழிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.